வழக்கில்லாத பேய்

ராமகுப்பத்தில் இரவில் பயப்படுவதற்கு இரண்டு காரணங்கள் எப்போதும் தயாராக உண்டு. முதலாவது யானை. ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில், தமிழ்நாடும் கர்நாடகமும் வந்து முட்டுகிற மூலையில் இருக்கிறது இந்த மண்டலம். கௌண்டின்யா சரணாலயத்துக் காடு பக்கம் என்பதால் பயிர் முற்றும் நேரத்தில் யானைகள் வயலில் இறங்கிவிடும். விவசாயிகள் பட்டாசும் பந்தமுமாகக் காவல் இருப்பார்கள். இரண்டாவது காரணம் பேய். தெலுங்கில் தய்யம், கன்னடத்தில் தெவ்வ, தமிழில் பேய். மூன்று மொழிகள் புழங்குகிற வட்டாரத்தில் பேய்க்கும் மூன்று பெயர்கள்.

இந்த இரண்டு பயங்களிலும் ஒரு சௌகரியம் இருக்கிறது. யானை ஏன் வருகிறது என்பது தெரியும். அதற்குப் பசி, காடு சுருங்கிவிட்டது. பேய் ஏன் வருகிறது என்பதும் தெரியும். தெரியாவிட்டால் உடுக்கையடித்துக் கேட்டால் அதுவே சொல்லிவிடும்: யார் கொன்றார்கள், எந்தக் கிணற்றில் தள்ளினார்கள், என்ன கொடுத்தால் போகும். பயமாக இருந்தாலும் பேச்சுவார்த்தைக்கு இடம் இருக்கிறது.

மூன்றாவது வகைப் பயம் ஒன்று உண்டு. அதற்குப் பசியும் இல்லை, பகையும் இல்லை. அது எதிரே நிற்பவனைக் கவனிப்பதே இல்லை. எறும்புப் புற்றை மிதித்துக்கொண்டு போகிறவனுக்கு எறும்பின் மீது விரோதம் எதுவும் கிடையாது. அவன் வேறு வேலையாகப் போகிறான். மனித குலமே அந்தப் புற்று என்று வைத்துக்கொண்டு எழுதப்படும் கதைகளுக்குத்தான் 'காஸ்மிக் ஹாரர்' என்று பெயர். தமிழில் பிரபஞ்ச பயங்கரம் என்று சொல்லிப் பார்க்கலாம்.

இந்த வகையில் நல்ல கதையும் நல்ல படமும் தேடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஏமாற்றம்தான். 'திகில்', 'மர்மம்', 'அமானுஷ்யம்' என்ற அட்டைகளுக்குள் கையை விட்டால் வருவது பழிவாங்கும் பெண் பேய், பாழடைந்த பங்களா, கடைசி அத்தியாயத்தில் வந்து சேரும் மந்திரவாதி. அது மட்டமான சரக்கு என்று சொல்ல முடியாது. ஆனால் கேட்டது அது அல்ல. கேட்டதும் தமிழில் இருக்கிறது. வேறு அலமாரியில் இருக்கிறது.

முதலில் மூலவர். ஹெச்.பி. லவ்கிராஃப்ட் 1890இல் அமெரிக்காவில், ராட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில் பிறந்தவர். 'வியர்ட் டேல்ஸ்' போன்ற மலிவுக் காகிதப் பத்திரிகைகளில் எழுதி, வறுமையில் வாழ்ந்து, 1937இல் புற்றுநோயில் இறந்தவர். கடலடியில் தூங்கும் ஒரு பழைய சக்தியைப் பற்றிய 'தி கால் ஆஃப் கதுல்ஹூ' 1928இல் வந்தது. அண்டார்டிகாவில் மனிதனுக்கு முன்னால் இருந்த நாகரிகத்தின் சிதைவுகளைக் காணும் 'அட் தி மவுன்டன்ஸ் ஆஃப் மேட்னஸ்' 1936இல் வெளியானது. அவருக்கு முந்தியவர்களும் உண்டு. ஆல்ஜெர்னான் பிளாக்வுட்டின் 'தி வில்லோஸ்' 1907இலேயே வந்துவிட்டது. டான்யூப் நதியின் ஒரு மணல்திட்டில் இரவு தங்கும் இரண்டு பேர், வேறொரு உலகத்தின் ஓரத்தில் தெரியாமல் கூடாரம் போட்டுவிட்டார்கள், கதை அவ்வளவுதான். அதை ஒரே மூச்சில் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள்.

லவ்கிராஃப்டிடம் புதிதாகப் போகிறவர் எல்லோரும் சொல்கிற கதுல்ஹூவில் ஆரம்பிக்க வேண்டியதில்லை. 1927இல் வந்த 'தி கலர் அவுட் ஆஃப் ஸ்பேஸ்' சரியான வாசல். ஒரு விவசாயியின் நிலத்தில், கிணற்றுக்குப் பக்கத்தில் விண்கல் விழுகிறது. அதற்குள் மனிதக் கண் அறிந்த எந்த நிறத்திலும் சேராத ஒரு நிறம். அந்த வருடம் பழங்கள் பெரிதாகக் காய்க்கின்றன. வாயில் வைக்க முடியவில்லை. பிறகு செடிகள் சாம்பலாகின்றன. மாடுகள், மனைவி, மக்கள் என்று வீடே உதிர்கிறது. அந்தக் குடும்பம் ஒரு பாவமும் செய்யவில்லை. வந்தது எதற்காக வந்தது என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது. மழையை நம்பி, கிணற்றை நம்பி வாழ்கிற எந்த ஊர்க்காரருக்கும் இந்தக் கதைக்கு விளக்கவுரை தேவைப்படாது.

'அந்தக் குடும்பம் ஒரு பாவமும் செய்யவில்லை' என்பதுதான் இங்கே முக்கியம். காஸ்மிக் ஹாரரை மற்ற பேய்க்கதைகளிலிருந்து பிரித்தெடுக்க மூன்று கேள்விகள் போதும். வந்திருப்பதற்கு ஏதாவது குறை உண்டா? பூசாரியோ பாதிரியாரோ துப்பறிவாளரோ வந்து அதை முடித்துவைக்க முடியுமா? கதை முடிந்தபின் உலகம் பழையபடி ஆகிறதா? மூன்றுக்கும் 'இல்லை' என்று பதில் வந்தால் தேடியது கிடைத்துவிட்டது. ஒன்றுக்கு 'ஆமாம்' என்று வந்தாலும் அது வேறு நல்ல கதையாக இருக்கலாம், இது அல்ல.

இந்தச் சல்லடையில் தமிழ்ப் பேய்களைப் போட்டால் முதல் கேள்வியிலேயே தங்கிவிடுகின்றன. தமிழ்ப் பேய் ஒரு வாதி. அதன் கையில் மனு இருக்கிறது.

பழையனூர் நீலியை விடச் சிறந்த உதாரணம் கிடையாது. இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில், திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது பழையனூர். கணவனால் கொல்லப்பட்டவள் பேயாகி, மறுபிறவியிலும் அவனைத் துரத்திக்கொண்டு அந்த ஊருக்கு வருகிறாள். வந்தவள் இருட்டில் பாய்ந்து கழுத்தைக் கடிக்கவில்லை. ஊர்ச் சபையின் முன் குழந்தையோடு நின்று வழக்காடுகிறாள். ஜெயிக்கிறாள். அவனுக்குப் பிணை நின்ற எழுபது வேளாளர்கள் சொன்ன சொல்லுக்காக உயிரை விடுகிறார்கள். பேய்க்கதை என்று ஆரம்பித்தது நீதிமன்றத்தில் முடிகிறது. கண்ணகி பேய் அல்ல. ஆனால் தமிழின் மிகப் பெரிய கோபமும் அரசவையில் வழக்குரைத்துத்தான் வெளிப்படுகிறது. அநியாயமாகக் கொல்லப்பட்டு ஊரின் தெய்வமானவர்களின் பட்டியல் மதுரை வீரனில் தொடங்கித் தெற்கே போகப் போக நீண்டுகொண்டே போகும்.

சின்னத்திரைக்கும் இதே மரபுதான். இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி, நாகா இயக்கி, தொண்ணூறுகளில் தமிழ் வீடுகளை இரவில் கதவடைக்க வைத்த 'மர்மதேசம்' தொடரில் அதிகம் பேசப்பட்டது 'விடாது கருப்பு'. அதில் தப்பு செய்தவனைக் கருப்பு விடாது. தப்பு செய்யாதவனுக்குப் பயமில்லை. சுஜாதாவின் 'கொலையுதிர் கால'த்தில் கணேஷும் வசந்தும் பேயையே சாட்சிக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்கிறார்கள். பெரிய திரையில் 2024இல் வந்த பா. ரஞ்சித்தின் 'தங்கலான்' வட ஆர்க்காட்டிலிருந்து கோலாருக்குத் தங்கம் தேடிப் போன மக்களின் கதை. அங்கே பொன்னைக் காத்து நிற்கும் ஆரத்தி பயங்கரமானவள்தான். ஆனால் அவளிடமும் ஒரு முறையீடு இருக்கிறது; அது நிலத்தைப் பற்றியது, இழந்த வரலாற்றைப் பற்றியது.

இதைக் குறையாகச் சொல்லத் தோன்றலாம். அது அவசரம். உயிரோடு இருந்தபோது சபையில் பேச இடம் கிடைக்காதவர்களுக்குச் செத்த பிறகாவது இடம் கொடுத்த கதைகள் இவை. போலீஸ் ஸ்டேஷனில் வாங்காத புகாரைக் கோயில் வாசலில் வாங்கிக்கொண்ட சமூகம் பேயை வாதியாகக் கற்பனை செய்ததில் ஆச்சரியம் இல்லை. கேட்பதற்கு யாரோ ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கைதான் அந்தக் கதைகளின் முதுகெலும்பு. காஸ்மிக் ஹாரர் கைவைப்பது அந்த இடத்தில்தான். கேட்பதற்கு யாரும் இல்லை என்கிறது அது.

தமிழில் இதை முதலில் எழுதிப் பார்த்தவர்களில் ஒருவர் புதுமைப்பித்தன் (1906-1948). மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலைப் 'பிரேத மனிதன்' என்ற பெயரில் தமிழுக்குக் கொண்டுவந்தவர் அவர். மேல்நாட்டுப் பயங்கரக் கதை எப்படி இயங்குகிறது என்பது அவருக்கு அத்துப்படி. 1943இல் வந்த 'காஞ்சனை' தமிழின் பிரபலமான பேய்க்கதை. தூக்கம் வராத ஓர் எழுத்தாளனின் வீட்டுக்குப் பிச்சை கேட்டு வந்த பெண் வேலைக்காரியாகத் தங்கிவிடுகிறாள். அவள் யார், எதற்காக வந்தாள் என்பதற்குக் கதை தீர்ப்புச் சொல்வதில்லை. அந்தத் தீர்ப்பில்லாமைதான் இத்தனை வருடங்களாக வாசகர்களைத் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறது.

அவருடைய 'கபாடபுரம்' இன்னும் ஒரு படி கீழே இறங்குகிறது. இறையனார் அகப்பொருள் உரை சொல்லும் கணக்குப்படி இடைச் சங்கம் கபாடபுரத்தில் 3,700 ஆண்டுகள் நடந்தது. பிறகு கடல் கொண்டது. இந்தக் கதையை மேடையில் பெருமையோடு சொல்லிக் கைதட்டல் வாங்கியவர்கள் ஏராளம். புதுமைப்பித்தன் அதே நகரத்தை நடுக்கத்தோடு பார்த்தார். கடல் கொண்ட நகரத்துக்குள் ஒருவன் போய்ச் சேர்ந்தால் அங்கே இருக்கும் காலம் அவன் காலமாக இருக்குமா என்பது அவர் கேள்வி. பசிபிக் கடலுக்கடியில் லவ்கிராஃப்ட் கற்பனையாக ஒரு நகரத்தைக் கட்ட வேண்டியிருந்தது. தமிழ் வாசகருக்குக் குமரிக்குத் தெற்கே அது ஏற்கெனவே கட்டப்பட்டு, மூழ்கியும் விட்டது.

'தி கலர் அவுட் ஆஃப் ஸ்பேஸ்' படித்தவர்கள் அடுத்து எடுக்க வேண்டிய தமிழ்ப் படைப்பு ஜெயமோகனின் 'டார்த்தீனியம்' என்ற குறுநாவல். அப்பா ஒரு நாள் வீட்டுக்கு ஒரு செடியைக் கொண்டுவருகிறார். கறுப்புச் செடி. ஆசையாக வளர்க்கிறார். மகன் பார்த்துக்கொண்டே இருக்க, செடி வளர வளர வீடு தேய்கிறது. பாவம், சாபம், பழி எதுவும் காரணமாகச் சொல்லப்படுவதில்லை. விண்கல்லும் பிரபஞ்சமும் வராமலே பிரபஞ்ச பயங்கரத்தை ஒரு சாதாரணத் தமிழ்க் குடும்பத்தின் கொல்லைப்புறத்தில் நட்டுவிட முடியும் என்பதற்கு இதுவே சாட்சி. மூன்று கேள்விகளையும் தாண்டி நிற்கிற தமிழ்ப் படைப்பு என்று தயங்காமல் சொல்லலாம். அவருடைய 'நிழல்வெளிக் கதைகள்' தொகுப்பு அதற்குப் பிறகு படிக்கத் தக்கது. அது பேய்க்கதை மரபுக்குள்ளேயே நின்று பேசுவது.

இந்தியர்களுக்கு இந்த வகை ஒட்டாது என்று ஒரு கட்சி உண்டு. அவர்களுடைய வாதம் சுவாரஸ்யமானது. பூமி பிரபஞ்சத்தின் மையம் அல்ல, மனிதன் நேற்று வந்தவன் என்ற செய்தி மேல்நாட்டை உலுக்கியது. இங்கேயோ பிரம்மாவுக்கு ஒரு பகல் 432 கோடி ஆண்டுகள் என்று பாட்டி கதையிலேயே சொல்லிக்கொடுத்தாகிவிட்டது. பெரிய எண்ணைக் கேட்டுப் பயப்படுகிற வழக்கம் இங்கே இல்லை என்பார்கள்.

பாதி உண்மை. மறு பாதி கீதையின் பதினோராவது அத்தியாயத்தில் இருக்கிறது. அர்ஜுனன் ஆசைப்பட்டுத்தான் விஸ்வரூபத்தைப் பார்க்கிறான். பார்த்ததும் நடுங்கிப் போகிறான். பழைய உருவத்துக்கே திரும்பி வரும்படி கெஞ்சுகிறான். தேரோட்டி மறுபடி தேரோட்டியாகிறான். அர்ஜுனனுக்கு மூச்சு வருகிறது. காஸ்மிக் ஹாரர் என்பது பழைய உருவம் திரும்பி வராத விஸ்வரூபம். பெரிய எண் பயமுறுத்துவதில்லை என்பது சரி. அந்த எண்ணுக்குப் பின்னால் தெரிந்த முகம் ஒன்றும் இல்லை என்றால் எந்த ஊரிலும் பயம் ஒன்றுதான்.

படம் பார்க்க விரும்புகிறவர்கள் பக்கத்து மாநிலங்களைப் பார்க்க வேண்டும். மராத்தியில் நாராயண் தாரப் (1925-2008) இந்த வகையை விடாமல் எழுதியவர். அவருடைய கதையிலிருந்து பொறி எடுத்து ராஹி அனில் பார்வே இயக்கிய இந்திப் படம் 'தும்பாட்' 2018இல் வந்தது. சுமாராக ஓடியது. 2024 செப்டம்பரில் மறுபடி தியேட்டருக்கு வந்தபோது முதல் தடவையை விட அதிகமாக வசூலித்தது. மழை ஓயாத ஊர், பூமிக்கடியில் ஒரு கருவறை, அதில் மற்ற தெய்வங்களால் மறக்கடிக்கப்பட்ட ஹஸ்தர், அவன் இடுப்புத் துணியில் தங்கக் காசு. கேள்விகளில் தும்பாட் பாதிதான் தேறும். பேராசைக்குத் தண்டனை என்ற பழைய நீதி அதில் பலமாக இருக்கிறது. ஆனால் அந்தக் கருவறைக் காட்சிகளுக்காக மட்டுமே பார்க்கலாம். ராத்திரியில், பெரிய திரையில் பார்ப்பது உத்தமம்.

மலையாளத்தில் இரண்டு படங்கள். ராகுல் சதாசிவன் இயக்கிய 'பிரமயுகம்' (2024) முழுக்கக் கறுப்பு வெள்ளை. காட்டில் வழி தவறிய பாணன் ஒருவன் பாழடைந்த மனைக்குள் நுழைகிறான். மம்மூட்டி அவனைச் சோறு போட்டு உட்கார வைத்துத் தாயம் ஆடக் கூப்பிடுகிறார். பந்தயம் பணம் அல்ல, அவன் வாழ்நாள். தோற்ற பிறகு எத்தனை நாள் ஆயிற்று என்பது அவனுக்கே தெரியாமல் போகிறது. அதிகாரத்தையும் காலத்தையும் ஒரே பிசாசாக்கிக் காட்டிய படம். லிஜோ ஜோஸ் பெல்லிஸ்ஸேரியின் 'சுருளி' (2021) வினோய் தாமஸின் கதையிலிருந்து எஸ். ஹரீஷ் எழுதியது. குற்றவாளி ஒருவனைப் பிடிக்க இரண்டு போலீஸ்காரர்கள் மாறுவேடத்தில் ஒரு காட்டு ஊருக்குப் போகிறார்கள். போன வழி திரும்பும் வழியாக இல்லை. வசனம் முழுக்கக் கெட்ட வார்த்தை; குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிற படம் அல்ல என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஆனால் மூன்று கேள்விகளுக்கும் நெருக்கமாகப் பதில் சொல்கிற இந்தியப் படம் அதுதான்.

வெளிநாட்டுப் படங்களில் மூன்றே போதும். ஜான் கார்ப்பென்டரின் 'தி திங்' (1982): அண்டார்டிகா முகாமில் பன்னிரண்டு பேர், அதில் மனிதர் யார், மனிதராக நடிக்கும் வேறொன்று யார் என்று தெரியவில்லை. அலெக்ஸ் கார்லண்டின் 'அனைஹிலேஷன்' (2018): ஒரு நிலப்பகுதிக்குள் போகிறவர்களின் உடலும் உயிரும் வேறொன்றாக உருகுகின்றன. தார்க்கோவ்ஸ்கியின் 'சோலாரிஸ்' (1972): ஒரு கிரகத்தின் கடல் மனிதர்களின் நினைவுகளிலிருந்து ஆட்களைச் செய்து அனுப்புகிறது; அன்பாகவா, விளையாட்டாகவா, சும்மாவா என்று கண்டுபிடிக்க வழியில்லை. கடைசிப் படம் மெதுவாகப் போகும். பொறுமை உள்ளவர்களுக்குப் பலன் உண்டு. ஸ்டானிஸ்லாவ் லெம்மின் மூல நாவல் (1961) அதைவிடக் கறாரானது.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. லவ்கிராஃப்ட் இனவெறி பிடித்தவர். நியூயார்க் தெருக்களில் குடியேறி வந்த மக்களைப் பார்த்து அருவருத்தவர். 'தி ஹாரர் அட் ரெட் ஹூக்' கதையில் அந்த அருவருப்பு பச்சையாகவே தெரியும். கறுத்த தோலும் புரியாத மொழியும் அவர் கதைகளில் அடிக்கடி அபாயத்தின் அடையாளமாக வருகின்றன. தமிழ் வாசகர் அவரைப் படிப்பது என்பது, வாசலில் நிற்கவிடாத வீட்டின் ஜன்னல் வழியாக உள்ளே பார்ப்பது போல. பார்க்க வேண்டாம் என்பதில்லை. யார் வீடு என்று தெரிந்து பார்க்க வேண்டும். அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் விக்டர் லாவால் அதைத்தான் செய்தார். ரெட் ஹூக் கதையையே எடுத்து, ஹார்லெமைச் சேர்ந்த ஒரு கறுப்பு இளைஞனின் பக்கத்திலிருந்து 'தி பாலட் ஆஃப் பிளாக் டாம்' (2016) என்று திருப்பி எழுதினார். பிரபஞ்சம் தன்னைக் கவனிப்பதில்லை என்பது வெள்ளைக்காரக் கனவானுக்குப் பேரதிர்ச்சி. போலீஸும் கவனிக்காத, அரசாங்கமும் கவனிக்காத ஒருவனுக்கு அதில் என்ன புதுச் செய்தி என்று அந்தப் புத்தகம் கேட்கிறது.

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ராமகுப்பத்திலிருந்து மேற்கே பார்த்தால் கோலார் தங்கவயல். ஜான் டெய்லர் கம்பெனி 1880இல் அங்கே இறங்கியது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் பக்கங்களிலிருந்து போன தமிழர்களே தொழிலாளர்களில் பெரும்பகுதி. அவர்களில் பலர் தலித்துகள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போயிற்று. அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென்று வெடிக்கும். அது யார் மீதும் கோபித்துக்கொண்டு வெடிப்பதில்லை. 2001இல் தங்கவயல் மூடப்பட்டது. இந்தப் பக்கம் குப்பம் வட்டாரத்தின் சிகர்குண்டா, பிசாநத்தம் சுரங்கங்களும் அதே ஆண்டில் நின்றன.

அந்தக் குழிக்குள் தொழிலாளர்களோடு விஞ்ஞானிகளும் இறங்கினார்கள். வானத்திலிருந்து காஸ்மிக் கதிர்கள் ஓயாமல் பூமி மேல் பொழிகின்றன. பூமிக்குள் போகப் போக அவை குறையும். எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு குறைகிறது என்று பார்க்க பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தார் 1950களிலிருந்து கோலாரில் கருவிகளை வைத்தார்கள். 1960களின் தொடக்கத்தில், மிக ஆழமான இடத்தில் கருவியை ஏறக்குறைய இரண்டு மாதங்கள் ஓட விட்டார்கள். ஒரு சத்தமும் இல்லை. ஒரு கதிர்கூட வரவில்லை.

அந்த மௌனத்தில்தான் அவர்களுக்கு யோசனை பிறந்தது. எல்லாம் வடிகட்டப்பட்டுவிட்டால், எதனாலும் வடிகட்ட முடியாத ஒன்று மட்டும் அங்கே தட்டுப்படலாம். டாட்டா நிலையமும் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை அடுக்கின. 1965இல் காற்றுமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடயம் கிடைத்தது. அதே ஆண்டில் தென்னாப்பிரிக்காவின் ஒரு தங்கச் சுரங்கத்திலும் கிடைத்தது. உலகில் முதல் தடவை. ஒவ்வொரு மனித உடலுக்குள்ளும் வினாடிக்கு ஏறக்குறைய கோடி கோடி நியூட்ரினோக்கள், ஒரு கோடியை ஒரு கோடியால் பெருக்கினால் வருகிற அளவு, புகுந்து வெளியேறுகின்றன. பெரும்பாலும் சூரியனிலிருந்து வருபவை. இரவில் அவை பூமியைத் துளைத்துக்கொண்டு காலடியிலிருந்து வருகின்றன. எதையும் தொடுவதில்லை. யாரையும் கவனிப்பதில்லை.

கதை அதோடும் முடியவில்லை. 1975இல் கோலார் குழுவினர் சில விசித்திரமான பதிவுகளை வெளியிட்டார்கள். தெரிந்த எந்தத் துகளின் கணக்கிலும் அவை சரியாகப் பொருந்தவில்லை. இயற்பியலில் அவற்றுக்குக் 'கோலார் நிகழ்வுகள்' என்றே பெயர். 2014இல் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் எம்.வி.என். மூர்த்தியும் ஜி. ராஜசேகரனும் அவை பிரபஞ்சத்தின் 'இருண்ட பொருள்' சிதைந்ததன் அடையாளமாக இருக்கலாமோ என்று ஒரு கட்டுரையில் கேட்டார்கள். முடிவான பதில் இல்லை. பதில் தேடிப் போக அந்த ஆய்வறைகளும் இல்லை. சுரங்கம் மூடியதும் தண்ணீர் ஏறிவிட்டது.

லவ்கிராஃப்ட் இதைக் கேள்விப்பட்டிருந்தால் பேனாவை எடுத்திருப்பார். இறங்கியவர்களின் பெயரை மட்டும் விட்டிருப்பார். அந்த இடம்தான் தமிழில் எழுதுகிறவர்களுக்கு மிச்சம் இருக்கிறது. மேலே நீதிமன்றம், கீழே கோடி கோடியாக எதுவோ கடந்து போய்க்கொண்டிருக்கும் இருட்டு, நடுவில் ஷிஃப்ட் முடிந்து கூண்டுக்காகக் காத்திருக்கும் ஒரு மனிதன். அவனுக்கு மனுவும் உண்டு, கேட்பாரின்மையும் உண்டு.

அதுவரை படிப்பதற்குப் பஞ்சமில்லை, பணமும் அதிகம் தேவையில்லை. புதுமைப்பித்தனின் எழுத்து 2002இல் நாட்டுடைமையாகிவிட்டது. லவ்கிராஃப்ட் தன் காலத்தில் வெளியிட்ட கதைகளுக்கு இந்தியாவில் காப்புரிமை 1997 முடிவோடு தீர்ந்துவிட்டது. இரண்டுமே இணையத்தில் இலவசம். வரிசை வேண்டுமென்றால்: முதலில் 'காஞ்சனை', அடுத்து 'தி கலர் அவுட் ஆஃப் ஸ்பேஸ்', உடனே 'டார்த்தீனியம்', பிறகு 'கபாடபுரம்', அதற்கு மேல் 'தி வில்லோஸ்'. ஒரு ராத்திரிக்கு ஒன்று. படித்து முடித்ததும் ஒரு பேய் வந்து தன் குறையைச் சொல்லி அழுதால், உட்கார வைத்துக் கேட்கலாம். அந்த நேரத்தில் அது ஆறுதலாகத்தான் இருக்கும்.